டிஸ்க் விலகுவதில்லை

எழுந்து நடக்க வேண்டிய மனிதர்களைப் படுக்கையில் கிடத்தி வைத்திருக்கும் சொற்றொடர் ஒன்று தமிழில் உண்டு: ‘டிஸ்க் விலகிடுச்சு.’ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் பேருந்தில் யாரேனும் ஒருவர் அதைச் சொல்லிக் கேட்காமல் இருப்பது அரிது. சொல்பவர் நூற்பாலையில் பாபின் கழற்றுபவராக இருக்கலாம். தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்திருக்கும் சுந்தரபாண்டியத்து நெசவாளியாக, பால்கோவாச் சட்டியின் முன் துடுப்புடன் குனிந்து நிற்பவராக, நாள் முழுவதும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் வங்கி ஊழியராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே தொனிதான். தன் தண்டனைத் தீர்ப்பின் நகலைத் தானே வாசித்துக் காட்டுபவரின் தொனி.

இக்கட்டுரை அந்தச் சொற்றொடருக்கு எதிரானது. அதைச் சொல்லிப் பிழைப்பவர்களுக்கும், அதைக் கேட்டு அனுதாபத்துடன் தலையசைக்கும் நம்மைப் போன்ற படித்தவர்களுக்கும் எதிரானது. ஒரு கவிதையில் ஒரு சொல் இடம்மாறி விழுந்தால் மூன்று இதழ்களுக்கு விவாதம் நடத்துகிறோம். நம் வீட்டுத் திண்ணையில் ஒரு பிழையான சொல் குடும்பங்களின் நகைகளை அடகுக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருப்பதை மட்டும் கவனிப்பதில்லை.

வட்டு விலகுவதில்லை, அதனால் விலகவும் இயலாது. நம் முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே 23 வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு மேலும் கீழும் உள்ள எலும்போடு குருத்தெலும்புத் தகட்டின் வழியாகப் பிணைந்து வளர்ந்தது. கேரம் காயைப் போல் நழுவி ஓடும் பொருள் அல்ல அது. வெளியே நார்கள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்ட வளையம். உள்ளே நீர் செறிந்த கூழ். வளையத்தின் பின்பக்கத்தில் கீறல் விழும்போது கூழில் ஒரு பகுதி பிதுங்கி வருகிறது. பிதுக்கம் என்று சொன்னால் போதும். பற்பசைக் குழாயை அழுத்திப் பார்த்த குழந்தைக்கும் புரிகிற சொல் அது. அதை விட்டுவிட்டு, ‘ஸ்லிப்டு டிஸ்க்’ என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கை (ஆங்கிலத்திலும் அது பிழைதான்) அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டோம்.

விலகியது என்றால் திரும்பவும் தள்ளி உட்கார வைக்கலாம் என்றுதானே பொருள்? ஆகவே வலிப்பவன் தள்ளுபவனைத் தேடிப் போகிறான். சுளுக்கு எடுப்பவர், கட்டுப் போடுபவர், வர்ம ஆசான், கால் வழியே பிறந்ததாகச் சொல்லப்படும் உறவினர் எனப் பலரும் தத்தம் கையாலோ காலாலோ அவன் இடுப்பைத் தள்ளிப் பார்க்கிறார்கள். இன்னொரு விளைவு இதைவிட மோசமானது. ஒருமுறை விலகியது மறுபடியும் விலகுமல்லவா? அதனால் குனியாதே, நிமிராதே, குழந்தையைத் தூக்காதே, வண்டி ஓட்டாதே என்று தடைகள் நீள்கின்றன. நாற்பது வயது ஆண் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பாத்திரத்தைப் போல வீட்டுக்குள் நடமாடுகிறான். உடம்பைவிட அவன் அச்சம்தான் அவனை அதிகம் முடக்குகிறது.

‘தேய்மானம்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ஆலை ஊரில் இச்சொல்லுக்குத் தனி அதிகாரம் உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவிய 1936 தொடங்கி, எந்திரப் பாகம் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், மாற்ற முடியாவிட்டால் ஒதுக்கித் தள்ள வேண்டும் என்பதை மூன்று தலைமுறையாகக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் இவ்வூர்க்காரர்கள். அவர்களிடம் போய் ‘முதுகில் தேய்மானம்’ என்று சொன்னால் என்ன எடுத்துக்கொள்வார்கள்? தானும் ஓர் உதிரிபாகம் என்றுதான். எந்த எந்திர பாகமும் இரவில் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதில்லை. உடம்பு செய்கிறது. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் தேய்மானம் என்ற சொல்லை ஒரு தொழிலாளியிடம் உச்சரிப்பது பொறுப்பற்ற செயல்.

இந்தச் சொற்களுக்கு எல்லாம் சான்றாவணமாக எம்.ஆர்.ஐ. படம் வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தப் பெரிய உறை சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டப்படுகிறது. யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கீழே அச்சிட்ட அறிக்கையில் இருக்கும் எல்-4, எல்-5, எஸ்-1 என்ற குறிகளை மட்டும் மந்திர எழுத்துகளைப் போல மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். எல்லா வட்டுகளும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வட்டாவது உப்பியிருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுக்கமே இருந்தது. வலி யாருக்கும் இல்லை. 2015இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து, வலியற்ற 3110 பேரின் படங்களைக் கணக்கிட்டபோது, இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கும், ஐம்பது வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் வட்டுச் சிதைவு காணப்பட்டது. ஐம்பது வயதுக்காரருக்குத் தலை நரைப்பதைப் போன்ற செய்தி இது. நரையை நோய் என்று எழுதித் தருகிற அறிக்கையை எவரேனும் சட்டம் போட்டு மாட்டுவார்களா?

அப்படியானால் வலி பொய்யா? அல்ல. இடுப்பிலிருந்து புட்டம் வழியாகத் தொடையின் பின்புறத்தில் இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பாதம்வரை தீக்கோடு இழுத்தாற்போல் ஓடும் அந்த வலியை அனுபவித்தவர் எவரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் வடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நரம்பை விளக்குவது எளிது. இடுப்பின் கீழிரண்டு கணுக்களிலிருந்தும் அவற்றின் கீழுள்ள திருவெலும்பின் மேல் மூன்று துளைகளிலிருந்தும் வரும் ஐந்து வேர்கள் முறுக்கி ஒன்றாகி, கட்டைவிரல் பருமனில் காலுக்குள் இறங்குகின்றன. உடலிலேயே பருமனான நரம்பு அதுதான். பிதுங்கிய கூழ் அதன் ஒரு புரியைத் தொடுகிறது. இடுப்புப் பிதுக்கங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை கடைசி இரண்டு வட்டுகளில்தான் நிகழ்கின்றன. அழுத்தம் மட்டும் வலியைத் தருவதில்லை; கூழில் உள்ள வேதிப்பொருட்கள் நரம்புவேரை அழற்சிக்குள்ளாக்குவதும் காரணம். அதனால்தான் படத்தில் சிறியதாகத் தெரியும் பிதுக்கம் ஒருவரைத் துடிக்க வைக்கிறது, பெரியதாகத் தெரிவது இன்னொருவரைத் தொந்தரவே செய்வதில்லை.

நம்மவர்கள் அநேகமாகக் கேள்விப்படாத ஒரு செய்தியும் உண்டு. பிதுங்கிய கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதுகிறது. வெள்ளணுக்கள் வந்து அதைத் தின்று கரைக்கின்றன. வெளியே அதிகமாக வந்து, முழுவதுமாகப் பிரிந்து கிடக்கும் துண்டுதான் கூடுதலாகக் கரைகிறது. வெறுமனே உப்பிக்கொண்டிருப்பது அவ்வளவாகக் கரைவதில்லை. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முற்றிலும் பிரிந்த துண்டுகளில் 96 விழுக்காடு சுருங்கியோ மறைந்தோ போயின. உப்பலில் 13 விழுக்காடுதான். ‘படம் ரொம்ப மோசமா இருக்கு’ என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருபவருக்கு, அந்த மோசமான படத்திலேயே நல்ல செய்தியும் இருக்கக்கூடும் என்று யார் சொல்கிறார்கள்?

இத்தாலிய மருத்துவர் கொட்டுஞ்ஞோ 1764இலேயே இந்த நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வலி நரம்பிலிருந்து வருவது என்பதைப் பிரித்துக் காட்டினார். வட்டுதான் குற்றவாளி என்பது உறுதியாக 1934 ஆயிற்று. பாஸ்டன் நகரத்தின் மிக்ஸ்டரும் பாரும் அறுவை செய்து கண்டதை அவ்வாண்டில் கட்டுரையாக்கினார்கள். அங்கிருந்து வட்டின் ஆட்சி தொடங்கியது. எந்த முதுகுவலிக்கும் வட்டே காரணம், எந்த வட்டுக்கும் கத்தியே மருந்து என்ற அளவுக்கு அது சில பத்தாண்டுகள் கோலோச்சியது. மேலைநாடுகள் அந்த மயக்கத்திலிருந்து பெருமளவு விழித்துக்கொண்டன. நாம் இப்போதுதான் அதற்குள் நுழைந்துகொண்டிருக்கிறோம்.

மூன்று மாதம் பலகையில் படு என்ற அறிவுரையும் இப்படித்தான். 1999இல் நெதர்லாந்தில் சயாட்டிகா கண்ட 183 பேரில் ஒரு பகுதியினரை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள். மற்றவர்களை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரத்தின் முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் ஒரு பயனும் இல்லை. நாள்கூலிக்காரனைப் பொறுத்தவரை படுக்கை என்பது பட்டினி. பயனற்ற பட்டினியை மருத்துவச் சீட்டில் எழுதிக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. மாத்திரைகளின் கதையும் வேறல்ல. நரம்புவலிக்கென்று கைகூசாமல் எழுதப்படும் பிரிகாபலின், 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடந்த ஆய்வில் சயாட்டிகாவுக்கு வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. தலைசுற்றலை மட்டும் கூட்டியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, சயாட்டிகாவுக்கு அம்மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊர் மருந்துக்கடைகளில் அது இன்னமும் மெத்தில்கோபாலமினோடு ஜோடி சேர்ந்து அட்டை அட்டையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இதுவரை படித்துவிட்டுச் சில நண்பர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ‘பார்த்தீர்களா, நவீன மருத்துவம் வணிகம், நம் மரபிலேயே எல்லாம் இருக்கிறது’ என்று அடுத்த கட்டுரைக்குத் தலைப்பும் யோசித்திருப்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை எண்பது என்று எண்ணுகின்றன. ஆயுர்வேதம் இந்நோயைக் கிருத்ரசி என்றது. கிருத்ரம் என்றால் கழுகு. ஒரு காலை இழுத்து, உடலைச் சாய்த்து நடக்கும் நோயாளியிடம் கழுகின் நடையைக் கண்ட அந்த மனிதரின் கண்ணை நான் வணங்குகிறேன். அது ஓர் எழுத்தாளனின் கண். ஆனால் நோயைக் கூர்ந்து கண்டவர் சொன்ன மருந்தெல்லாம் பலிக்கும் என்று எந்த நியதியும் இல்லை. சயாட்டிகா பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானே தணியும் நோய். இதை மறந்துவிட்டால் எல்லா வைத்தியமும் பலித்ததாகவே தோன்றும். முதல் வாரம் மாத்திரை, மூன்றாம் வாரம் கட்டு, ஆறாம் வாரம் செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போய்க் கடிவஸ்தி. இடுப்பில் உளுந்துமாவு வரப்புக் கட்டி, இளஞ்சூடான எண்ணெயை அதற்குள் ஊற்றி வைக்கிறார்கள். இதமாக இருக்கும், ஐயமில்லை. எட்டாம் வாரம் வலி போகிறது. பெயர் எண்ணெய்க்குப் போய்ச் சேருகிறது. கடைசியாக யாரிடம் போனோமோ அவரே கைராசிக்காரர். பன்னிரண்டாம் வாரத்தில் போய்க் கால்வழிப் பிறந்தவரிடம் ஒரு மிதி வாங்கியிருந்தாலும் அதே புகழ் அந்தக் காலுக்குக் கிடைத்திருக்கும்.

(ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை, அனுமன் தூக்கிச் சென்ற மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்பது ஊர் நம்பிக்கை. மலையைத் தூக்கியவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாக எந்தக் கவியும் பாடவில்லை. நம் இலக்கியத்தில் வீரர்களின் மார்பும் தோளும் இடம்பெற்ற அளவுக்கு, சுமப்பவர்களின் இடுப்பு இடம்பெறவே இல்லை.)

எண்ணெயாவது இதம் தரும். உயிரான இடத்தில் கேடு செய்வது ‘கத்தி மட்டும் வைக்காதே’ என்ற வீறாப்புதான். காலின் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறவருக்கும், மாதக்கணக்கில் உறங்க முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை உண்மையான உதவி. 2007இல் நெதர்லாந்தில் கடும் சயாட்டிகா கண்ட 283 பேரிடம் நடந்த ஆய்வு, உடனே அறுத்தவர்களுக்கு வலி விரைவில் தீர்ந்தது என்றும், பொறுத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவைக்குப் போனார்கள் என்றும், ஓராண்டின் முடிவில் இரு சாராரிலும் 95 விழுக்காட்டினர் தேறினார்கள் என்றும் காட்டியது. நான்கு மாதங்களைத் தாண்டியும் வலி தணியாதவர்களைப் பொறுத்தவரை, அறுவையே மேல் என்று 2020இல் கனடாவில் நடந்த ஆய்வு சொன்னது. ஆக, முதல் வாரத்திலேயே கத்தி என்பது பேராசை. எட்டாம் மாதத்திலும் எண்ணெய் என்பது பிடிவாதம். அறுவை, காலில் இறங்கும் வலியைத்தான் தீர்க்கும். இடுப்புவலியைத் தீர்ப்பதாக வாக்களிக்காது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பிதுக்கம் மீண்டும் வரலாம். இவற்றையெல்லாம் நோயாளியிடம் தமிழில், பொறுமையாகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம் போதும்.

ஒரு நிலையில் மட்டும் பத்து நாள் அல்ல, ஒரு நாள்கூடப் பொறுக்கலாகாது. பிதுக்கம் பெரிதாகி, தண்டுவடத்தின் அடியில் குதிரைவாலைப் போல் பிரிந்து தொங்கும் நரம்புக் கற்றை முழுவதையும் நசுக்கும்போது சிறுநீர் வெளிவராமல் அடைபடும். மலம் தன்னறியாமல் போகும். இரு கால்களும் தளரும். சைக்கிளில் அமர்ந்தால் இருக்கையில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போகும். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தாமதித்தால் அந்த இழப்பு ஆயுளுக்கும் நிற்கும். இங்கே நம் மொழி கைவிடுகிறது. அந்தரங்க உறுப்புகளைச் சுற்றியுள்ள இடம் மரத்துவிட்டது என்பதைக் கூச்சமின்றிச் சொல்லத்தக்க புழங்குசொல் ஒரு கிராமத்துப் பெண்ணின் வாயில் இல்லை. மருத்துவர் கேட்பதில்லை, அவள் சொல்வதில்லை. ‘கீழே உணர்ச்சி இல்லை’ என்று கணவனிடம் சொல்லவே மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடும். உடலரசியல் பற்றி நூறு பக்கம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை ஊருக்குள் புழங்கச் செய்திருந்தால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும்.

இனி, வேலை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றன. உலகத்தின் காயத்தைக் கட்டுகிற துணியை நெய்பவர், பாவு சுற்றிய பீமை இருவராகத் தூக்கித் தறியில் ஏற்றுகையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். நூற்பாலையின் பேல் ஒன்றின் எடை 170 கிலோ. காயம் உண்டாக்கும் அளவு கனத்தைத் தூக்கவோ சுமக்கவோ எவரையும் பணிக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார்ந்த நோய்கள் 29ஐப் பட்டியலிட்டது. பஞ்சுத்தூசால் வரும் நுரையீரல் நோயான பிஸினோசிஸ் அதில் உண்டு. இடுப்பு வட்டு இல்லை. ஜெர்மனியோ, நெடுங்காலம் சுமை தூக்கியதால் வரும் இடுப்பு வட்டு நோயை 1993 முதல் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டு இழப்பீடு வழங்குகிறது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஃபின்லாந்தில் 115 ஜோடி ஒருகரு இரட்டையரை ஆராய்ந்து 1995இல் வெளியான ஆய்வு, வட்டுச் சிதைவில் வேலையின் பங்கைவிடப் பிறப்பின் பங்கே பெரிது என்றது. முதலாளிகளின் வழக்கறிஞர்களுக்கு இனிக்கும் செய்தி. ஆனால் சிதைவு வேறு, வலி வேறு என்பதைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். வங்கியில் இருப்பவருக்கு அதே வலி வந்தால், எழுந்து நாலடி நடந்துவிட்டு வந்து உட்காரலாம். மின்விசிறியின் கீழ் மாதச் சம்பளம் தவறாமல் வரும். ரிங் ஃபிரேமின் முன் எட்டு மணி நேரம் நடந்தும் குனிந்தும் பாபின் கழற்றுபவருக்கு அதே வலி வந்தால் அவரது வேலையே போகிறது. வட்டைக் கெடுத்தது மரபணுவாகவே இருக்கட்டும். அவரை வீட்டுக்கு அனுப்பியது யார்?

ஆகவே ‘நீ சரியாகக் குனியவில்லை’, ‘உட்காருகிற விதம் தப்பு’ என்று தனிமனிதனைக் குற்றவாளியாக்கும் உபதேசங்களை நான் சந்தேகத்துடனே பார்க்கிறேன். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் யோகாசனச் சுவரொட்டி ஒட்டுவது செலவில்லாத காரியம். பேலைத் தள்ள வண்டி, பீமை ஏற்ற ஒரு சிறு தூக்கி, அடுப்பின் உயரத்தைக் கூட்டிய பால்கோவாச் சட்டி, வலி தணிந்து திரும்புகிறவருக்கு ஆறு வாரம் இலகுவான வேலை ஆகியவை செலவு பிடிப்பவை.

மருத்துவப் பக்கத்திலும் செய்ய வேண்டியவை மாயமானவை அல்ல. காலை நீட்டியபடி உயர்த்திப் பார்ப்பது, குதிகாலால் நடக்கச் சொல்வது, விரல்நுனியால் நடக்கச் சொல்வது, முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியால் தட்டுவது: எந்த வேர் பாதிக்கப்பட்டது என்பதை ஐந்து நிமிடத்தில், எந்திரமின்றி ஓரளவு அறிந்துவிடலாம். பலவீனமோ சிறுநீர்ச் சிக்கலோ இல்லாதவருக்கு முதல் ஆறு வாரம் படமே வேண்டியதில்லை. புற்றுநோய், காசநோய், விபத்து, காய்ச்சல் போன்ற ஐயங்கள் இருந்தால் அது வேறு. நடமாட்டம், தேவைக்கு வலிமாத்திரை, தணியத் தொடங்கியதும் உடற்பயிற்சி, புகையை விடுதல் ஆகியவையே போதும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரைக்கோ நெல்லைக்கோ ஓடிய காலம் போயிற்று. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருவதாக ஏற்பாடு. அந்த இயன்முறையாளர் வலி எரிச்சல் கருவியைக் காலில் ஒட்டிவிட்டுப் போகாமல், நோயாளியைக் குனிய வைத்து, அவன் அச்சத்தை அவனுக்கே உடைத்துக் காட்டுபவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அறிக்கைகளின் அடியில் ‘இவ்வயதில் வலியற்றவர்களிடமும் இவை காணப்படும்’ என்று ஒரு வரி சேர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் செய்து பார்த்துவிட்டார்கள். 2020இல் வந்த முடிவின்படி சிகிச்சைச் செலவு குறையவில்லை. அபின் வகை மாத்திரைகளை எழுதுவது மட்டும் சற்றே குறைந்தது. அச்சிட்ட வரி தானாகப் பேசாது. அதை எடுத்து, எதிரில் அமர்ந்திருக்கும் மனிதரிடம், ‘அண்ணாச்சி, உங்க டிஸ்க் எங்கயும் விலகல. கொஞ்சம் பிதுங்கியிருக்கு. பாதிக்கு மேல கரைஞ்சிரும். நாளைலேருந்து காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி நடங்க. ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தா மட்டும் அன்னைக்கே ஓடி வாங்க’ என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.